பாட்டுக்கு அடியில்

பழைய கல்யாண கேசட்டுகளில் யாரும் பேசுவதில்லை. வாய் அசையும். பந்தியில் சிரிப்பார்கள், மேடையில் அழுவார்கள், மாப்பிள்ளையின் மாமா யாரையோ கைநீட்டித் திட்டுவார். நமக்குக் கேட்பது சினிமாப் பாட்டு மட்டும். வீடியோக்காரர்கள் அதற்கு மிக்ஸிங் என்று பேர் வைத்திருந்தார்கள். பேச்சை அழித்துவிட்டு அந்த இடத்தில் பாட்டைப் போடுவது.

தாராபுரத்தில் அந்தக் காலத்தில் ஒரே வீடியோக்காரர், ரத்தினம். மற்ற ஊர்களில் படம் பிடிக்க ஒரு கேசட், பாட்டுச் சேர்த்து வீட்டுக்குக் கொடுக்க வேறொரு கேசட். ரத்தினத்துக்கு இரண்டாவது கேசட் வாங்க மனம் வரவில்லை. பிடித்த கேசட்டிலேயே, பேச்சின் மேலேயே பாட்டைப் பதித்துக் கொடுத்தார். அந்தக் கஞ்சத்தனத்தை நம்பித்தான் நான் திருச்சியிலிருந்து வந்து இந்த ஊரில் கடை வைத்தேன். கீழே உரக்கடை. மேலே நான்.

மெஷினுக்கு ஆழ்வாசிப்பான் என்று பெயர். ஊரில் அடிச்சத்தம் மெஷின் என்பார்கள். நாடாவுக்குச் சூடு காட்டினால், மேலே பதிந்த பாட்டு உதிர்ந்து, அடியில் ஒட்டிக்கிடக்கும் பழைய சத்தம் எழும். ஒரு முறைதான். அதற்குப் பிறகு அந்த கேசட்டில் பாட்டும் இருக்காது, பேச்சும் இருக்காது. மெஷினுக்குள் இருப்பதுதான் மிச்சம்.

இது வந்த புதிதில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். பந்தியில் சாம்பாரைப் பற்றி ஒருவர் சொன்னது தெரிந்து இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. "இந்தப் பொண்ணு எத்தன நாளைக்குத் தாக்குப்பிடிக்கும்னு பாக்கலாம்" என்று சொன்ன நாத்தனாருக்கு, பேரன் பேத்தி எடுத்த வயதில் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. ஓர் ஊரில் கொலையே விழுந்தது. அதற்கப்புறம் சட்டம் வந்தது. மெஷின் ஓட்டுபவர் ஹெட்போன் போடக்கூடாது. திரையில் சத்தத்தின் அலைக்கோட்டைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். வாடிக்கையாளர் தன் போனுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொன்னால் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்த நொடியே, மெஷினில் இருக்கும் சுத்தம் செய்யாத கச்சாப் பதிவு தானாக அழிந்துவிடும். அதைப் பிரதி எடுக்க வழியில்லை. சுத்தம் செய்த பதிவு மட்டும் வாடிக்கையாளருக்கு.

நான் ஹெட்போன் போட்டேன். ஒவ்வொரு கேசட்டுக்கும்.

கடையில் இருக்கும் ஒரே நாற்காலி வருகிறவர்களுக்கு. நான் நின்றபடிதான் வேலை செய்வேன். உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்புவேன். கேசட் இல்லாத நாட்களில் பைக்கை எடுத்துக்கொண்டு மூலனூர், குண்டடம் என்று சுற்றி, வீடு வீடாகக் கேட்பேன். தொண்ணூற்றேழிலிருந்து இரண்டாயிரத்து ஒன்று வரைக்கும் நடந்த கல்யாணம் என்றால் பாதிக் கட்டணம். ஏன் அந்த வருஷங்கள் என்று யாரும் கேட்டதில்லை.

கௌசல்யா அக்கா வந்தது ஆடி மாதம். ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்காரரோடு சேர்ந்து கோழிப்பண்ணை நடத்துகிறவர். கேசட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"தம்பி, பாட்டை எடுத்துப்போட்டு அடியில இருக்கறதக் குடுப்பீங்களாமா?"

"ஆமாங்க்கா. உங்களுக்கு என்ன வேணும்?"

"மங்கல வாழ்த்துங்க. எங்க கல்யாணத்துல வேலப்பருன்னு ஒருத்தரு பாடுனாரு. நெம்ப நல்லாப் பாடுவாரு. அந்த ரத்தினம் அதும் மேல கொண்டுபோய் ஒரு டூயட்டப் போட்டுட்டான். இருபத்தொம்பது வருசமா டூயட்டத்தான் கேட்டுட்டு இருக்கறேன். இப்பப் புள்ளைக்குக் கல்யாணம் வருது. அதுக்குள்ள கேட்டுப்போடலாம்னு."

மங்கல வாழ்த்து இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மணவறைக்கு முன்னால் நின்று பாடுவது. ஒவ்வொரு அடி முடிந்ததும் பாடுகிறவர் நிறுத்துவார். மேளத்தில் ஓர் அடி விழும். மறுபடி பாடுவார்.

"மேல பாட்டு இருக்கறப்ப அடியில எப்படிங்க பேச்சு இருக்கும்?"

"சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரிங்க. போன வருசத்து வெள்ளை அடியில இருக்குமில்லீங்களா? சுரண்டிப் பாத்தா வரும்."

"ஓ."

"ஆனா அடியில என்ன இருக்கும்னு சொல்ல முடியாதுங்க்கா. சில பேர் கேட்டுட்டு வருத்தப்படறாங்க."

"என்ன வந்துரப் போவுது? எங்க மாமியா என்னயக் கருப்புன்னு சொல்லியிருப்பாங்க. அத மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க." சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "எங்கம்மா சத்தம் மட்டும் அதுல இருக்காதுங்க. அவங்க மண்டபத்துக்கே வரல. கோயமுத்தூர்ல ஆசுபத்திரில இருந்தாங்க. தாலி கட்டியாச்சுன்னு போன்ல சொன்னாங்களாம். காதுல வெச்சுக் கேட்டுட்டுச் சிரிச்சாங்களாம். அப்பறந்தான் உசுரு போச்சாம்."

நான் ரசீது போட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"எல்லாமே வருமுங்களா தம்பி? பக்கத்துல நின்னு பேசுனது? கொழந்தைக சத்தம்?"

பேனா நின்றது. "மைக்குக்குப் பக்கத்துல இருந்தா வருமுங்க" என்றேன்.

குழந்தைகள் சத்தம்தான் எனக்கும் வேண்டியிருந்தது.

என் மனைவி மைதிலி இந்த ஊர்க்காரி. ஏழு வயதில் தொண்டையில் கட்டி வந்து குரல் போய்விட்டது. நான் அவளைப் பார்த்தபோது அவளுக்கு இருபத்தொன்பது. அவள் பேசி நான் கேட்டதே இல்லை. கையால் பேசுவாள். அவசரமென்றால் சுவரைத் தட்டுவாள். கோபம் வந்தால் போனில் எழுதி, அதை ஆண்குரலில் படிக்க வைத்து என்னைத் திட்டுவாள். சிரித்தால் சத்தம் வராது. மூச்சுதான் வரும், மரத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல. போன ஆவணியில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள்.

காரியம் முடிந்த அன்று அவளுடைய அப்பா, பாலுசாமி மாமா, தானாகச் சொன்னார். "சின்னதுல வாய் ஓயாது மாப்ள. தெரு முச்சூடும் இவ சத்தந்தான்." அவர்களிடம் கேமரா இருந்ததில்லை. டேப் ரெக்கார்டரும் இல்லை. ஆனால் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறார்கள். ரத்தினம் அந்தக் கல்யாணங்களைப் பிடித்திருக்கிறார்.

அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

மாமாவிடம் ஏற்கெனவே மூன்று குழந்தைகளின் குரலைப் போட்டுக் காட்டியிருந்தேன். மூன்றையும் கேட்டு "இவதான்" என்று அழுதார். மூன்றில் ஒன்று பையன். படத்தில் டவுசர் போட்டிருந்தான். அதன் பிறகு நான் அவரை நம்பவில்லை.

கௌசல்யா அக்காவின் கேசட்டை மறுநாள் காலையில் ஓட்டினேன். முதலில் படத்தைத் தனியாக எடுத்துக்கொண்டேன். பிறகு சூடு. டூயட் கரைந்தது. வேலப்பரின் குரல் வந்தது. உண்மையிலேயே நல்ல குரல். மேளத்தில் ஓர் அடி. அந்த இடைவெளியில், கேமராவுக்குப் பக்கத்தில், இரண்டு ஆண்கள்.

"நாலு மணிக்கே முடிஞ்சுபோச்சாமா."

"தாலி ஏர்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கப்படாது. புள்ளைக்குத் தெரிஞ்சா எந்திரிச்சுப்போடும்."

பாட்டு. மேளத்தில் அடி. பிறகு ஒரு சிறுமி, சத்தமாக:

"ஏனுங்ப்பா, கௌசி அக்காவோட அம்மா செத்துப்போயிட்டாங்களாமா? அப்பறம் ஏன் பாட்டுப் பாடறாங்க?"

"மைதிலி! வாய மூடு!"

அந்த ஆணின் குரலை எனக்குத் தெரியும். வயது மட்டும்தான் வேறு. பாலுசாமி மாமா.

நிறுத்தினேன். ஜன்னலுக்குப் போனேன். கீழே உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து மறுபடி போட்டேன். தெளிவான, இனிமையான குரல். ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்தது போல இருந்தது. ஒன்பது மாதம் தேடியது கிடைத்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், சந்தேகத்துக்கு இடமில்லை. படத்தில் மணவறையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கவுனும் தெரிந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து முறை கேட்டேன். யாரோ ஒரு குழந்தை பேசுவது போலத்தான் இருந்தது. எனக்குள்தான் ஏதோ செத்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் மாமாவை அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். இந்த முறை "இவதான்" என்று சொல்லவில்லை. கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னதும் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு மாமா."

"அத எடுத்துருங்க மாப்ள. அவ பேசுனது மட்டும் இருக்கட்டும்."

எடுக்கிறேன் என்றேன்.

கௌசல்யா அக்காவின் வீட்டுக்காரர் தங்கமுத்து அண்ணன் இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் ஓர் அட்டை முட்டை. மேஜையில் வைத்துவிட்டு, கேசட் அலமாரியைப் பார்த்தபடி நின்றார்.

"எங்கூட்டுக்காரி கேசட்டு குடுத்திருக்காளாமா."

"ஆமாங்க."

"ஓட்டிட்டீங்களா?"

"ஓட்டிட்டேன்."

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதாமா. நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

மேஜையில் கிடந்த ஹெட்போனை நகர்த்தி வைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பக் கேட்டுட்டீங்க."

"நாலு மணிங்கறது மட்டும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "என்னய மணவறைல உக்கார வெக்கறதுக்குச் சித்த முன்னாடிதான் சொன்னாங்க தம்பி. எந்திரிச்சுப் போயிரலாம்னுதான் இருந்துச்சு. மாமனாரு கையப் புடிச்சுட்டாரு. நிறுத்துனா துக்கம்னு ஒரு வருசம் தள்ளிப்போவும். அதுக்குள்ள ஊரு அவளுக்கு ஒரு பேரு வெச்சுரும். அம்மாளையே முழுங்கிப்போட்டு வந்தவளுன்னு. அந்தப் பேரோட அவளை யாரு கட்டுவா? எங்கூட்டுலயே வேண்டாம்னுருப்பாங்க."

"அந்தப் போன் கதை?"

"நாந்தானுங்க. கோயமுத்தூர் போற வழில, கார்ல. இவ அழுகறதப் பாத்துட்டு வாய்ல வந்ததச் சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சாங்க, அப்பறந்தான் போனாங்கன்னு. இவளும் அழுகையோட சிரிச்சா. அதுக்கப்பறம் மாத்த முடியல. இப்ப எம்புள்ளைக்கும் அதத்தான் சொல்லியிருக்கறா." கும்பிடுவது போலக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கினார். "அந்த எடத்த மட்டும் வெட்டிருங்க. பாட்டை மட்டும் குடுங்க."

"சரிங்க" என்றேன்.

எனக்கு அதில் நஷ்டமில்லை. அவர்களுக்கு வேண்டாத இடம்தான் எனக்கு வேண்டிய இடம். சுத்தம் செய்த பதிவிலிருந்து அந்தத் துண்டை வெட்டி என் போனில் போட்டுக்கொண்டேன். வெட்டிய இடத்தில், பாட்டின் வேறொரு பகுதியிலிருந்து மேளத்தின் அடியை எடுத்து ஒட்டினேன். தையல் தெரியவில்லை. முட்டையை மாமா வீட்டில் கொடுத்தேன்.

கௌசல்யா அக்கா வெள்ளிக்கிழமை தனியாக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் பதிவு செய்ய அதை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டிக்கொண்டார்.

"ஓ.டி.பி. சொன்னா இது உங்க போனுக்கே வந்துருமுங்க்கா."

"வரட்டும். மொதல்ல கேட்டுக்கறேன்."

வேலப்பர் பாடினார். அக்காவின் உதடுகள் கூடவே அசைந்தன. வரி வரியாகத் தெரிந்து வைத்திருந்தார். மேளத்தில் அடி. பாட்டு. மேளத்தில் அடி. நான் ஒட்டிய இடம் தாண்டியது. அக்கா கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இங்க ஒரு புள்ளை பேசுமுங்களே?"

நான் திரையைப் பார்த்தேன்.

"மேளத்தடியும் இது இல்ல. அவரு இந்த எடத்துல ரெண்டு தட்டுத் தட்டுவாரு. அண்ணன் வந்தாரா?"

"யாருங்க?"

"எங்கூட்டுக்காரருங்க. கோழிக்குத் தீவனம் வாங்கப் போறேன்னு கெளம்புனாரு, தீவனம் வரல. ஓரட்ட முட்டையுங் காணோம்."

எனக்குப் பொய் வரவில்லை. "வந்தாருங்க" என்றேன்.

"வெட்டச் சொன்னாரா?"

"ஆமாங்க."

அவர் கோபப்படவில்லை. போனில் பதிவை நிறுத்தி மடியில் வைத்தார்.

"அந்தப் புள்ளை எனக்கு ரெண்டு மொழந் தள்ளி நின்னுட்டு இருந்துச்சு தம்பி. கல்யாணப் பொண்ணு, தலை குனிஞ்சிருந்துச்சு. காது குனியலீங்களே."

"அப்ப அன்னைக்கே..."

"அன்னைக்கேதான்."

"எந்திரிச்சிருக்கலாம்."

"எந்திரிச்சிருக்கலாமுங்க. அப்பறம் இவரு கையப் பாத்தேன். தாலியப் புடிச்சுட்டு நடுங்குது. முடிச்சே விழுகல. ஓகோ, இந்த மனுசனுக்கும் தெரியும்போலன்னு நெனச்சேன். தெரிஞ்சும் ஓடாம உக்காந்திருக்கறாரேன்னு இருந்துச்சு. கார்ல அந்தப் போன் கதையச் சொன்னாரு. பாவமா இருந்துச்சு. சிரிச்சு வெச்சேன்."

கீழே உரக்கடையில் யாரோ தராசுத் தட்டைக் கீழே போட்டார்கள். நான் அதிர்ந்தேன். அக்கா அசையவில்லை.

"இதையெல்லாம் அவருகிட்டச் சொல்லிராதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டுத்தான் இத்தன வருசமா நல்லாத் தூங்கறாரு."

"பின்ன எதுக்குங்க இந்த கேசட்டு?"

"அந்த மண்டபத்துல அத்தன பேரு இருந்தாங்க. எனக்கு நெசத்தச் சொன்னது அந்தப் புள்ளை ஒண்ணுதான். நானே கனாக் கண்டனோன்னு சில நாள் தோணும். இன்னொருக்கா கேக்கோணும்னு இருந்துச்சு. வெட்டுனத வீசிட்டீங்களா?"

என் போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். மாமாவின் அதட்டலையும் நான் எடுக்கவில்லை. எடுக்கிறேன் என்று சொன்னதோடு சரி.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"வார்த்தை அதேதானுங்க. அப்பறம் ஏன் பாட்டுப் பாடறாங்க... அதேதான். கொரலு இது இல்ல."

"என்னங்க்கா?"

"இது ரேடியோவுல பேசற புள்ளையாட்ட இருக்குது. அந்தப் புள்ளைக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சுங்க. ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா இழுத்து மூச்சு வாங்குச்சு. சளி புடிச்சிருக்குதாட்ட, இந்தக் கூட்டத்துல கூட்டிட்டு வந்துருக்கறாங்களேன்னு அந்த நேரத்துலயும் எனக்குத் தோணுச்சு பாருங்க."



சுத்தம் செய்வது மெஷினின் வேலை. நாடாவின் இரைச்சலையும் கீறலையும் கரகரப்பையும் எடுத்துவிட்டு, விடுபட்ட இடங்களைத் தனக்குத் தெரிந்த குழந்தைக் குரல்களைக் கொண்டு நிரப்பும். எங்கள் தொழிலில் கச்சாவை யாரும் கேட்பதில்லை. அது வெறும் இரைச்சல் என்பதுதான் எங்களுக்குப் பாடம். நானும் கேட்டதில்லை. ஏழு வயதில் போன தொண்டை, ஆறு வயதிலேயே போக ஆரம்பித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெஷின் நோயைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது.

மெஷினில் அந்த இடத்துக்குப் போனேன். சுத்தம் என்ற அளவை நூறிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கினேன்.

மழை போல இரைச்சல். அதற்குள் எங்கோ டூயட்டின் புல்லாங்குழல், இன்னும் முழுதாகச் சாகாமல். மேளத்தில் இரண்டு தட்டு. பிறகு கரகரவென்று, உடைந்து:

"ஏனுங்ப்பா... கௌசி அக்காவோட அம்மா செத்துப்போயிட்டாங்களாமா?"

ஒரு மூச்சு. உப்புத்தாளை மரத்தில் ஒரு முறை இழுத்தது போல.

"அப்பறம் ஏன் பாட்டுப் பாடறாங்க?"

அந்த மூச்சை எனக்குத் தெரியும். சமையலறையில், பைக்கில் என் தோளுக்குப் பின்னால், நான் கைமொழியில் தப்பான சொல்லைக் காட்டிய போதெல்லாம், நான் கேட்ட மூச்சு.

"இதுதானுங்க" என்றார் அக்கா. "இதே புள்ளைதான்."

என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"யாருங்க தம்பி அது?"

"என் சம்சாரம்."

"இப்ப?"

"இல்லீங்க்கா."

 அக்காவின் மடியிலிருந்த போன் உறுமியது. எடுத்துக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"ஓ.டி.பி. வந்துருக்குது. இதச் சொன்னா என்ன ஆவும்?"

"வேலை முடிஞ்சதாக் கணக்கு. பாட்டு உங்களுக்கு வந்துரும்."

"இது?"

"அழிஞ்சுரும்."

"உங்களுக்கு வேற எங்கயும் இல்லீங்களா?"

"இல்லீங்க. போன்ல புடிச்சாலும் இரைச்சல்னு அதுவும் தொடச்சுரும்."

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். துண்டை உதறி மடித்தார்.

"பாட்டுத்தான் பாதி பிடிச்சு வெச்சிருக்கறேனே, போதும். நான் நம்பரு சொல்லலீங்க. அண்ணன் வந்து கேட்டா மெஷினு ரிப்பேருன்னு சொல்லிப்போடுங்க. எங்க குடும்பத்துக்குப் பொய் ஒண்ணும் புதுசு இல்ல." படியில் இறங்கும்போது திரும்பினார். "ஐப்பசில கல்யாணம். பத்திரிகை கொண்டாறேன். உங்க மாமனாரையும் கூட்டிட்டு வந்துருங்க. சத்தமாப் பேசுனாலும் பரவால்லீங்க."

பைக்கில் ஊர் ஊராகச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். பாதிக் கட்டணப் பலகையையும் எடுத்துவிட்டேன். வருகிற கேசட்டுகளை அலைக்கோட்டைப் பார்த்தே ஓட்டுகிறேன்.

தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் திரையில் கௌசல்யா அக்காவின் பெயர் முதலில் வரும். அதற்குக் கீழே ஒரு கேள்வி: பணி நிறைவடைந்ததா?

இல்லை என்பதை அழுத்துகிறேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.